டிரெய்லர் வண்டியை இழுத்தலும் பின்னுக்குச் செலுத்துதலும்

நெல், கரும்பு, எரு, செங்கல் முதலிய பாரங்கள் முற்காலத்தில் கட்டை வண்டியிலும் பின்னர் டயர் வண்டியிலும் சென்ற பாதைகளில் இப்பொழுது பெரும்பாலும் டிராக்டருக்குப் பின் பூட்டிய டிரெய்லரில் செல்கின்றன. டிராக்டர் உழவுக்கென்றே வாங்கப்படுவதாகக் கருதப்படினும், அநேக கிராமங்களில் அது உழும் நாட்களைக் காட்டிலும் பாரம் இழுக்கும் நாட்களே அதிகம். உழவில் பிழை நேர்ந்தால் சால் கோணும், அவ்வளவே. டிரெய்லர் விஷயத்தில் பிழை நேர்ந்தால் ஏர்க்கால் வளையும், டயர் கிழியும், மதிற்சுவர் இடியும். சில வேளைகளில் பின்னால் நின்ற ஒரு குழந்தையின் உயிரே போகும். அங்ஙனமிருந்தும் டிரெய்லரை ஓட்டும் முறை, விசேஷமாக அதைப் பின்னுக்குச் செலுத்தும் முறை, பெரும்பாலோர்க்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தையாகவே இருந்துவருகிறது. மத்தியப்பிரதேசத்துப் புத்னியில் 1955ஆம் வருஷம் ஏற்பட்ட மத்திய அரசின் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையமும், தெற்கே அனந்தபுரம் ஜில்லா கார்லதின்னாவிலுள்ள நிலையமும் டிராக்டர்ப் பயிற்சி அளித்து வருவன. எனினும் கிராமத்திலுள்ள எல்லா ஓட்டுநரும் அங்கே சென்று வருதல் சாத்தியமன்று. ஆகவே இவ்விஷயத்தின் காரண காரியங்களைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு டிரெய்லரின் முதற்பாடம் புதிதன்று. மூட்டைகளை முன்பக்கமாகவே அடுக்கினால் முன்பாரமாகி நுகத்தடி மாடுகளின் கழுத்தை அமுக்கும். பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் பின்பாரமாகி ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். தேர்ந்த வண்டிக்காரன் பாரம் ஏற்றியதும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, சிறிது முன்பாரம் இருக்கும்படி ஒழுங்கு செய்துகொண்ட பிறகே மாட்டைப் பூட்டுவான்.

இரு சக்கர டிரெய்லரிலும் நியாயம் இதுவே. டிரெய்லரின் முன்னே நீண்டு டிராக்டரின் கொக்கியில் மாட்டப்படும் சட்டத்தை ஏர்க்கால் என்றே இங்கே குறிப்பிடலாம். அந்த ஏர்க்கால் கொக்கியைக் கீழ்நோக்கி ஓரளவு அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். அவ்வழுத்தம் டிராக்டரின் பின்சக்கரங்களைத் தரையில் பதியச் செய்து, சேற்றிலும் மணலிலும் வழுக்காமல் இழுக்க உதவுகிறது. இங்கிலாந்தில் காவண்ட்ரி நகரில் 1946 முதல் செய்யப்பட்ட பெர்கூஸன் டிராக்டருக்கென அமைந்த டிரெய்லரில் அச்சைப் பெட்டியின் நடுவில் வையாது பின்னுக்குத் தள்ளி வைத்தது இக்காரணம் பற்றியே. பாரத்தின் ஒரு பகுதி எப்பொழுதும் டிராக்டரின் மேல் விழும். சிறிய டிராக்டரும் தன் எடைக்கு மிஞ்சிய பாரத்தை ஈர நிலத்தில் இழுக்கும்.

ஆயினும் இவ்வழுத்தம் அளவு கடந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். ஒரு கணக்கால் இதை விளக்கலாம். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டர் ஒன்றில் முன்சக்கரங்கள் 800 கிலோ தாங்குவதாகவும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர் என்றும், கொக்கி பின் அச்சுக்கு 60 செண்டிமீட்டர் பின்னால் உள்ளதென்றும் கொள்க. ஏர்க்கால் கொக்கியை 1,000 கிலோ அழுத்துமாயின் முன்சக்கரங்களின் பாரம் 300 கிலோ குறைந்து 500 ஆகும். இதே டிராக்டர் பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 6,500 கிலோ எடையுள்ள டிரெய்லரை இழுக்கும்போது, ஏற்றத்துக்காக மட்டும் 650 கிலோ இழுவிசை வேண்டும். கொக்கி தரையிலிருந்து 45 செண்டிமீட்டர் உயரத்தில் இருப்பின் இவ்விழுப்பினால் முன்பக்கம் இன்னும் சுமார் 150 கிலோ குறையும். மீதி 350 கிலோ. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும், அதாவது இங்கே 400 கிலோவேனும், முன்சக்கரங்களின்மேல் இருந்தாலன்றி ஸ்டியரிங் சரிவரப் பேசாது. ஏற்றத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் டிராக்டர் நேரே செல்வதன் காரணம் இதுதான். முன்புறம் எடைக்கட்டிகள் பூட்டுவதும், பாரத்தைக் குறைப்பதும் இதற்குப் பரிகாரம்.

கொக்கியின் உயரமும் சாதாரண விஷயமன்று. மேற்சொன்ன கணக்கில் கொக்கியை 90 செண்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் இழுப்பினால் குறையும் எடை இரு மடங்காகும். சேற்றில் புதைந்த டிரெய்லரை வெளியேற்ற, சங்கிலியை டிராக்டரின் மேற்பாகத்தில் எங்கேனும் கட்டி, கிளச்சைத் திடீரென விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அச்சமயம் சக்கரம் சுழல இயலாமற்போனால், யந்திரத்தின் விசை முழுதும் டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்குவதில் செலவாகிறது. ஓரிரு விநாடிக்குள் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவர்மேல் விழும்; குதித்துத் தப்பலாம் என்று எண்ணுவதற்கு அவகாசமிராது. பாரம் இழுக்குங்கால் தயாரித்தவர் அமைத்த கொக்கியையன்றி, பின் அச்சுக்கு மேலான வேறெந்த இடத்தையும் உபயோகித்தல் கூடாது.

பின்பாரம் வேறு வகையில் கெடுதி செய்யும். பாரம் இறக்கும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. முன்பக்கத்து மூட்டைகளை முதலில் இறக்கிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டால் ஏர்க்கால் கொக்கியை மேல்நோக்கி இழுக்கும். அந்நிலையில் இணைப்பு ஆணியைக் கழற்றினால் ஏர்க்கால் விர்ரென்று மேலெழுந்து, கழற்றுபவரின் முகவாயில் அடிக்கும். ஆணியைக் கழற்றுமுன் டிரெய்லர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஏர்க்காலின் கீழ் முட்டுக் கொடுத்தல் அவசியம்.

பூட்டும் வேளையிலும் ஆபத்து இவ்விடத்திலேயே இருக்கிறது. ஒருவர் ஏர்க்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே நிற்க, மற்றொருவர் டிராக்டரைப் பின்னுக்கு விடுவது எங்கும் காணும் காட்சி. கிளச்சிலிருந்து கால் சற்று வழுவினால் நடுவில் நிற்பவர் நசுங்குவார். டிராக்டரை வேண்டிய இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கையும் போட்ட பின்னரே ஆள் உள்ளே சென்று ஆணியைச் செருகவேண்டும். அந்த ஆணி அதற்கென்று செய்த எஃகு ஆணியாக இருத்தல் வேண்டும். அதன் அடியில் சிறு கம்பிப் பூட்டும் இருத்தல் வேண்டும். உடைந்த ஆணிக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட கட்டுமானக் கம்பியைச் செருகிக்கொண்டு சாலையில் செல்பவர், கடையாணியில்லாத வண்டியில் ஏறிய வண்டிக்காரனுக்கு ஒப்பாவார்.

இறக்கமும் வளைவும்

ஏற்றத்தில் இழுக்கவேண்டியிருந்த 650 கிலோ, அதே பாதையில் இறங்கும்போது டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இல்லையெனில் 2,000 கிலோ டிராக்டர் தன்னைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட பாரத்தையும் சேர்த்து நிறுத்தவேண்டியதாகிறது. டிராக்டர் நேராக இருக்கும்வரை இது ஒருவாறு நடக்கும். சற்றே வளைந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் பாரம் டிராக்டரின் பின்பாகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, இரண்டையும் கத்தரிபோல் மடித்துவிடும். டீஸல் மிச்சமாகும் என்று கருதி இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிடுவதும், கிளச்சை மிதித்துக்கொண்டு இறங்குவதும் இக்காரணத்தால் மிகவும் தவறானவை. மேட்டில் ஏற எந்தக் கியர் வேண்டுமோ, அதே கியரை இறக்கம் தொடங்குமுன்பே போட்டுக்கொண்டு யந்திரத்தின் பிடிப்பிலேயே இறங்கவேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள வண்டியை நிறுத்த, 10 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டியதைப்போல் நான்கு மடங்கு சக்தி வேண்டுமென்பதையும் மறத்தலாகாது.

டிராக்டரில் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. அவை வயலில் வரப்போரம் திரும்புவதற்கானவை. சாலையில் ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளாவிடில், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்து வண்டி குறுக்கே திரும்பிவிடும். வயலிலிருந்து சாலைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் செய்யவேண்டிய இக்காரியம், செய்ய அரை நிமிஷமும் பிடிக்காதது. மிகவும் மறக்கப்படுவதும் இதுவே.

வளைவில் டிரெய்லர் டிராக்டரின் தடத்தில் வருவதில்லை, உள்வாங்கி வரும். கொக்கி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லுமாயின், கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் நீளமுள்ள டிரெய்லரின் சக்கரங்கள் சுமார் 80 செண்டிமீட்டர் உள்ளே வரும். நீளம் 4½ மீட்டரானால் 2 மீட்டர் உள்ளே வரும். சிறு பாலங்களின் கைப்பிடிச்சுவர்கள் உட்பக்கத்தில் இடிந்து கிடப்பதற்கு இது பெரும்பாலும் காரணம். குறுகிய திருப்பத்தில் டிராக்டரைச் சற்றுத் தூரம் நேரே கொண்டுசென்று பிறகு திருப்பவேண்டும்.

பின்னுக்குச் செலுத்துவதில் உள்ள சங்கடம்

இனி, பலரையும் கலங்கவைக்கும் காரியத்துக்கு வரலாம். சர்க்கரை ஆலையின் முற்றத்திலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாயிலிலும், வாய்க்கால் கரையிலும் பழகாத ஒருவர் டிரெய்லரைப் பின்னுக்கு விட முயன்று, முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை சென்றும் வாயிலில் நுழைய முடியாமல் வியர்த்து நிற்பதைக் காணலாம். அவர் நன்றாக வண்டி ஓட்டுபவராகவே இருப்பார். ஆயினும் டிராக்டரைப் பின்னுக்கு ஓட்டுவது வேறு, டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவது வேறு.

முதற்காரணம், திசை மாறுவது. மாடு அவிழ்த்த வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளும்போது, வண்டியின் பின்பாகம் இடப்பக்கம் செல்லவேண்டுமானால் ஏர்க்கால் நுனியை வலப்பக்கம் தள்ளவேண்டும் என்பதைக் கிராமத்தில் சிறுவரும் அறிவர். டிரெய்லரிலும் இதுவே நிகழ்கிறது. ஏர்க்காலைக் கைக்குப் பதிலாக டிராக்டரின் பின்பாகம் தள்ளுகிறது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பின்னுக்குச் சென்றால் டிராக்டரின் பின்பாகமும் கொக்கியும் வலப்பக்கம் செல்லும். டிரெய்லரின் பின்பாகம் இடப்பக்கம் செல்லும். ஆகவே டிரெய்லர் எப்பக்கம் செல்லவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பித் தொடங்கவேண்டும். மனத்தில் இக்கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க விரும்பாதவர்க்கு ஒரு சுலப உபாயம் உண்டு. ஸ்டியரிங் சக்கரத்தின் அடிப்பாகத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்தக் கை இடப்பக்கம் சென்றால் டிரெய்லரின் பின்பாகமும் இடப்பக்கம் செல்லும். வலப்பக்கம் சென்றால் வலப்பக்கம் செல்லும். இவ்வளவே.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. ஆனால் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. முன்னுக்கு இழுக்கப்படும் டிரெய்லர் எவ்வளவு கோணலாக நின்றாலும் சிறிது தூரத்தில் தானே நேராகிவிடும். பின்னுக்குத் தள்ளப்படும் டிரெய்லரோ சிறிது கோணினாலும் அக்கோணலைத் தானே வளர்த்துக்கொள்ளும். எவ்வளவு விரைவில் வளரும் என்பது டிரெய்லரின் நீளத்தைப் பொறுத்தது. கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் நீளமுள்ள டிரெய்லரில், டிராக்டர் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேரே பின்னுக்குச் செல்வதாகக் கொள்க. முதலில் 5 டிகிரி கோணல் இருந்தால், 2.1 மீட்டர் சென்றதும் அது 10 டிகிரியாகும். மேலும் 2.1 மீட்டர் சென்றதும் 20 டிகிரி. அப்பால் அதே தூரத்தில் ஏறக்குறைய 40. மொத்தம் 8.3 மீட்டருக்குள் 70 டிகிரியாகி, ஏர்க்கால் டிராக்டரின் பெருஞ்சக்கரத்தில் முட்டும் நிலைக்கு வந்துவிடும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மெல்ல நடக்கும் வேகத்தில், இது நடைபெற 10 விநாடியே ஆகும். 6 கிலோமீட்டர் வேகத்தில் 5 விநாடி.

இந்தக் கணக்கைக் கவனித்தால் செய்யவேண்டியது யாதென்பது விளங்கும். முதல் 2 மீட்டரில் தோன்றும் 5 டிகிரிக் கோணலைக் கண்டு ஸ்டியரிங்கைச் சிறிது அசைத்தால் போதும், டிரெய்லர் நேராகிவிடும். 40 டிகிரியாகும் வரை கவனியாதிருந்து, பிறகு ஸ்டியரிங்கைக் கடைசிவரை சுழற்றினாலும் பயனில்லை. டிராக்டர் திரும்பும் வேகத்தைவிடக் கோணல் வளரும் வேகம் மிஞ்சிவிடும். அந்நிலையில் ஒரே வழிதான் உண்டு: நிறுத்தி, முன்னுக்கு இரண்டொரு வண்டி நீளம் சென்று, டிரெய்லரை நேராக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்குதல். இதை அவமானமாகக் கருதிச் சிலர் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருப்பார்கள். கூடி நிற்பவர்களின் சிரிப்பைவிட ஒரு பின்டயரின் விலை அதிகம் என்பது அவர்களுக்குப் பட்டறையில்தான் தெரியவரும். தேர்ந்த ஓட்டுநர்களே அதிகமாக முன்னுக்குச் சென்று திருத்திக்கொள்பவர்கள்.

சிறிய டிரெய்லரே சுலபமென்று கருதுவதும் பிழை. நீளம் 4½ மீட்டரானால் கோணல் இரு மடங்காவதற்கு 2.1 மீட்டருக்குப் பதிலாக 3.1 மீட்டர் செல்லவேண்டும். கவனித்துத் திருத்த அவகாசம் அதிகம். ஆகையால் நீளமான டிரெய்லர் வளைவில் அதிகம் உள்வாங்கினும் பின்னுக்குச் செலுத்தச் சாதுவானது. தண்ணீர்த் தொட்டி வண்டிபோன்ற குட்டையானவைதாம் மிகவும் துள்ளும்.

நேரே பின்னுக்குச் செல்லும்போது இரு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கத்தில் டிரெய்லரின் பின்மூலை வெளியே நீட்டித் தெரிகிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினால் அது உள்ளே சென்றுவிடும். உடனே ஸ்டியரிங்கை நேராக்கிக்கொள்ளவும் வேண்டும். திருத்தியதையும் மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் நீட்டும். பாம்பு ஊர்ந்த தடம்போல் ஆகிவிடும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைச் சுழற்றுவதைவிட, மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கையில் சிறிது சிறிதாகச் சுழற்றுவதே நன்று. யந்திரத்தைக் குறைந்த வேகத்தில் வைத்து, தாழ்ந்த ரிவர்ஸ் கியரில் செல்லவேண்டும். கிளச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவது கிளச்சுத் தட்டைத் தேய்க்கும்.

சாலையின் இடப்பக்கத்திலுள்ள களத்து வாயிலில் டிரெய்லரைப் பின்னுக்கு நுழைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாயிலைக் கடந்து முன்னே சென்று, டிராக்டரும் டிரெய்லரும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்தவேண்டும். கோணலாக நின்று தொடங்கினால் பாதி வேலை அப்போதே கெட்டது. பின்னர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி மெல்லப் பின்னுக்குச் செல்ல, டிரெய்லரின் பின்பாகம் இடப்பக்கம் வாயிலை நோக்கித் திரும்பத் தொடங்கும். அது திரும்பத் தொடங்கிய கணமே, வேண்டிய அளவு திரும்பும்வரை காத்திராமல், ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொண்டுவரவேண்டும். இப்போது டிராக்டர் டிரெய்லரைப் பின்பற்றி வளையும். பழகாதவர்கள் தவறுவது இங்கேதான்: முதலில் திருப்பிய பக்கத்திலேயே அதிக நேரம் பிடித்துக்கொண்டு, டிரெய்லரை மடக்கிவிடுகிறார்கள். டிரெய்லர் வாயிலுக்கு நேரானதும் ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் திருப்ப டிராக்டரும் அதனோடு நேராகும்.

பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பவர் முன்சக்கரங்களை மறந்துவிடுதல் இயல்பு. மேற்சொன்ன திருப்பத்தில் டிராக்டர் இடப்பக்கம் பின்பற்றி வரும்போது அதன் முன்பாகம் வலப்பக்கமாக வீசிச் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும். அப்பக்கம் வாய்க்காலோ, கைப்பிடிச்சுவரில்லாத கிணறோ, எதிரே வரும் வண்டியோ இருக்கக்கூடும். ஆகவே தொடங்குமுன் எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு இடமுள்ளது என்பதையும் அளந்துகொள்ளவேண்டும்.

வழி காட்டுபவரும் பின்னால் நிற்பவரும்

கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். கிராமத்தில் இதற்கு ஆள் குறைவதேயில்லை. ஒருவர் “வரலாம், வரலாம்” என்பார், மற்றொருவர் “ஒடி, ஒடி” என்பார், மூன்றாமவர் பெட்டியைத் தட்டுவார். “இடப்பக்கம் ஒடி” என்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிப்பதா, டிரெய்லரை இடப்பக்கம் அனுப்புவதா என்பது சொன்னவருக்கும் தெளிவில்லை. டிரெய்லர் விஷயத்தில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். வழி காட்டுபவர் ஒருவராகவே இருக்கவேண்டும். டிரெய்லரின் பின்பாகம் எப்பக்கம் செல்லவேண்டும் என்பதை மட்டும் கையால் காட்டவேண்டும். ஸ்டியரிங் ஓட்டுபவரின் பொறுப்பு. அவர் நிற்கவேண்டிய இடம் டிரெய்லருக்குப் பின்னால் அன்று. ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பக்கமாக விலகி, சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவே அகப்படாத தூரத்தில் நிற்கவேண்டும். அவர் கண்ணுக்கு மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துவதென்று இருவரும் முன்னரே பேசிக்கொள்ளவேண்டும்.

அறுவடைக் காலத்தில் களத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரின் நிழலில் ஆட்கள் படுத்து உறங்குவதும் உண்டு. யந்திரத்தைக் கிளப்பினால் விலகிவிடுவார்கள் என்று நம்பலாகாது. டிராக்டரின் ஓசை நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் அதை யாரும் எச்சரிக்கையாகக் கொள்வதில்லை. பின்னுக்கு எடுக்குமுன் ஓட்டுபவரே இறங்கி டிரெய்லரை ஒரு முறை சுற்றிவந்து, அடியிலும் குனிந்து பார்த்தல் வேண்டும். ஏர்க்கால்மீதும் டிராக்டரின் மட்கார்டுமீதும் எவரையும் ஏற்றிக்கொள்ளக்கூடாது என்பது முன்னுக்குச் செல்வதற்கும் பொருந்தும். பின்னுக்குச் செல்கையில் டிரெய்லர் மடங்குமானால் முதலில் நசுங்குவது அவ்விடமே.

நான்கு சக்கர டிரெய்லர்

முன் அச்சு தனியே திரும்பும் நான்கு சக்கர டிரெய்லரில் மடங்கும் இடங்கள் இரண்டு: கொக்கி ஒன்று, முன் அச்சின் சுழல்தட்டு ஒன்று. ஆகவே திசை இரு முறை மாறுகிறது. பெட்டியின் பின்பாகம் இடப்பக்கம் செல்ல, ஸ்டியரிங்கையும் முதலில் இடப்பக்கமே திருப்பவேண்டும். இரு சக்கர டிரெய்லரில் கை பழகியவர் இதில் ஏறினால் முன்பு கற்றதெல்லாம் தடையாகிவிடும். கோணலும் இரண்டு இடத்தில் வளர்வதால் திருத்த அவகாசம் மிகக் குறைவு. மகாராஷ்டிரத்தில் ஒரே டிராக்டருக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் பூட்டிக் கரும்பு ஏற்றிச் செல்வர். அவ்விணைப்பையும் பின்னுக்கு ஓட்டிக் காட்டும் போட்டிகள் அங்குள்ள சிற்றூர்த் திருவிழாக்களில் நடைபெறுவதுண்டு. அது வித்தைக்காரர்களின் காரியம். சாதாரணமாக நான்கு சக்கர டிரெய்லரைக் கொட்டகைக்குள் வைக்கவேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டு, டிராக்டரைத் திருப்பி, அதன் முன்புறத்திலுள்ள இழுப்பு ஆணியில் ஏர்க்காலை மாட்டி, முன் கியரில் மெல்லத் தள்ளுவது எளிது. அப்போது ஏர்க்காலும் பெட்டியும் ஓட்டுபவரின் கண்ணெதிரே இருக்கும். திரும்பும் சக்கரங்களும் கொக்கிக்கு அருகிலேயே இருப்பதால் சிறு அசைவுக்கும் டிரெய்லர் இணங்கும். ஐரோப்பிய நாடுகளின் பண்ணைகளில் இது பழைய வழக்கம்.

பழகும் இடமும் நுழையும் இடமும்

பழகுவதற்கு அறுவடையான காய்ந்த வயலே ஏற்ற இடம். காலி டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு, 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாக மூங்கில் குச்சிகளை நட்டு, அவற்றினிடையே நேரே 20 மீட்டர் பின்னுக்குச் செல்லப் பழகவேண்டும். திருப்பத்தை அதற்கு முன் தொடவே கூடாது. நேரே செல்லக் கைவந்தவர்க்குத் திருப்பம் இரண்டொரு நாளில் வந்துவிடும். நேரே செல்லத் தெரியாமல் திருப்பத்தில் இறங்கியவர் பல வருஷம் ஓட்டியும் ஊகத்திலேயே ஓட்டுவார். குச்சி ஒடிந்தால் நஷ்டமில்லை என்பதால் மனம் பதறாது. பிறகு பாதிப் பாரத்தோடும், அப்பால் முழுப் பாரத்தோடும் பழகலாம். பாரம் ஏறியதும் டிரெய்லர் மெதுவாகவே இணங்குவதுபோலத் தோன்றும். ஈர நிலத்தில் முன்சக்கரங்கள் வழுக்கி, ஸ்டியரிங் திருப்பியும் டிராக்டர் திரும்பாதிருக்கும். இவ்வேறுபாட்டை வாய்க்கால் கரையில் முதன்முதலாக அறிவதைக் காட்டிலும் சொந்த வயலில் அறிவது மேல்.

இரவில் சாலையோரம் பின்னுக்கு விடுவதைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். டிராக்டரின் விளக்கு முன்னே இருக்கிறது. குறுக்கே நிற்கும் டிரெய்லரின் பக்கவாட்டில் வெளிச்சமேயில்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர் அதை இருட்டில் காண்பதற்கு, பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் சிவப்பும் மஞ்சளுமான ஒளிர்தகடுகள் ஒட்டியிருத்தல் வேண்டும். சேறு படிந்திருப்பின் துடைத்துவிட்டே சாலையில் ஏறவேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமேயாதலால், டிராக்டருக்கு இருப்பதுபோலவே அதற்கும் பதிவு வேண்டும். பதிவில்லாத டிரெய்லரால் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் உடையவர் பெருந்தொல்லைக்கு ஆளாகக்கூடும்.

பின்னுக்கே செல்லவேண்டாதபடி களத்தை அமைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. புதிதாகக் களமோ கொட்டகையோ எருக்குழியோ அமைப்பவர்கள் ஒரு வாயிலுக்குப் பதிலாக எதிரெதிரே இரண்டு வாயில்கள் வைத்தால் டிரெய்லர் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறும். அதற்கு இடமில்லாவிடில் நடுவில் ஒரு மரத்தையோ வைக்கோற்போரையோ விட்டு, அதைச் சுற்றிவர 5 மீட்டர் அகலப் பாதை விடலாம். அதுவும் இயலாதாயின், வாயிலை 3 மீட்டருக்குப் பதிலாக 4½ மீட்டர் அகலமாக்கி, அதற்கு எதிரே சாலையோர வாய்க்காலின்மேல் கொஞ்ச தூரம் குழாய் பதித்து மூடிவிட்டால், டிராக்டரின் முன்பாகம் வீசிவருவதற்கு இடம் கிடைக்கும்.